சம்மணம் போட்டு உட்கார எத்தனை மாதம்?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதை ஒட்டி மலருக்காக எழுதித் தந்தது.)



செயலாளர் போன் செய்து, "இந்தத் தடவை நீங்க பேசணும், பழைய நினைவுகள்னு தலைப்புப் போட்டுரலாமா?" என்று கேட்டார். பழைய நினைவுகளைப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவும் பேசுவார்கள். அதனால் நான் வேறு தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாடிப்படி ஏறி வந்தவர்களில் பாதிப் பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். நான் எடுத்த தலைப்பு சரிதான் என்று அப்போதே தைரியம் வந்துவிட்டது.

எனக்கு 2024 ஏப்ரல் கடைசியில் வலது பக்க இடுப்பு மூட்டில் ஆபரேஷன் நடந்தது. மூட்டு மாற்று ஆபரேஷன் இல்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். மூட்டுக்குள்ளே கிழிந்துபோன ஒரு வளையத்தைத் தைத்துக் கட்டும் ஆபரேஷன். அதற்கு லேப்ரம் கிழிசல் என்று பெயர். அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் தமிழில் இருக்கிற ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும்.

"இடுப்பு" என்கிறோமே, அது எங்கே இருக்கிறது? புடவை கட்டுகிற இடமும் இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்பு. குனிந்து நாற்று நட்டுவிட்டு "இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றால் அது முதுகின் அடிப்பகுதி. நிறைமாதப் பெண் "இடுப்பு வலி" என்றால் அது பிரசவ வலி. தொடை எலும்பு வந்து சேருகிற மூட்டுக்கு மட்டும் என்று பேச்சுத் தமிழில் தனியாக ஒரு சொல் கிடையாது. டாக்டரிடம் போய் நான் "இடுப்பு வலி" என்றேன். என் வயதுப் பெண் அப்படிச் சொன்னால் எந்த டாக்டரும் முதலில் முதுகைத்தான் பார்ப்பார். "எத்தனை குழந்தை? சிசேரியனா?" என்று கேட்டார்கள். இரண்டும் சிசேரியன் என்றதும் முதுகுத் தண்டில் போட்ட ஊசியின் மேல் பழி விழுந்தது. முதுகுக்கு எக்ஸ்ரே, முதுகுக்கு பெல்ட், முதுகுக்கு மாத்திரை. இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று.

உண்மையில் வலி இருந்த இடம் தொடையிடுக்கு. அந்த இடத்தைக் கை வைத்துக் காட்டுவதற்கு நம் பெண்களுக்கு நாக்கும் வராது, கையும் வராது. இந்தக் கல்லூரியின் முதல் மாணவியாகப் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய டாக்டர் முத்துலெட்சுமி அம்மையாரின் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலே நூறு வருஷத்துக்குப் பிறகும் ஒரு டீச்சர், "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டால் பொத்தாம்பொதுவாக இடுப்பைக் காட்டிவிட்டு வருகிறாள் என்றால், அந்தக் கூச்சம் எவ்வளவு பழையது பாருங்கள்.

கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டர்தான், "அம்மா, வாயால சொல்ல வேண்டாம், கையை வச்சுக் காட்டுங்க" என்றார். பெருவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டினேன். ஆங்கில எழுத்து 'சி' மாதிரி. "இப்படிப் பிடிச்சுக் காட்டினா மூட்டைப் பார்க்கணும்னு அர்த்தம்" என்றார். படுக்கவைத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி உள்பக்கமாகத் திருப்பினார். அந்த நேரத்தில் நான் போட்ட சத்தம் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

இனி லேப்ரம் என்ன என்று சொல்கிறேன். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்காரும் குழி ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் மாதிரி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. பிரஷர் குக்கர் மூடியில் கேஸ்கட் போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர் வெளியேறிவிடாமல் அடைத்து வைப்பதும், பந்தைக் கிண்ணத்தோடு இறுக்கிப் பிடிப்பதும் அதன் வேலை. கேஸ்கட் கிழிந்த குக்கர் என்ன பாடு படும் என்று இங்கே இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். இப்போதெல்லாம் ஆண்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

அது ஏன் கிழிகிறது? விழுந்து அடிபட்டும் கிழியும். ஆனால் பல பேருக்கு எலும்பின் வடிவமே காரணம். பந்து முழு உருண்டையாக இல்லாமல் கழுத்துப் பக்கம் கொஞ்சம் மேடு தட்டியிருந்தால், காலை மடக்கும்போதெல்லாம் அந்த மேடு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கும். வருஷக் கணக்கில் இடித்தால் வளையம் நைந்து கிழியும். இப்படி ஒரு 'இடி' இருக்கிறது, மூட்டுத் தேய்மானத்துக்கே இது ஒரு காரணம் என்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து டாக்டர் ராய்ன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் விரிவாக எழுதியது 2003இல்தான். அதற்கு முன்னால் படித்து முடித்த டாக்டர்களுக்குப் பாடப் புத்தகத்தில் இது இப்படி வந்திருக்காது. அதனால் முதுகுக்கு பெல்ட் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக்கே ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இடுப்பில் எந்த வலியும் இல்லாத 45 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த மூட்டுகளில் 69 சதவீதத்தில் லேப்ரம் கிழிசல் தெரிந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! ஆகவே படத்தில் கிழிசல் தெரிகிறது என்பதற்காக ஆபரேஷன் செய்யக்கூடாது. படம், வலி, டாக்டர் காலைத் திருப்பிப் பார்க்கும் சோதனை, மூன்றும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். பிரிட்டனில் 23 ஆஸ்பத்திரிகளில் 348 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் இன்னொரு பிரிவுக்கு முறையான உடற்பயிற்சியும் கொடுத்து, ஒரு வருஷம் கழித்து ஒப்பிட்டு 2018இல் முடிவு சொன்னார்கள். இரண்டு பிரிவும் தேறியிருந்தன. ஆபரேஷன் பிரிவு கூடுதலாகத் தேறியிருந்தது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. எனக்கும் முதலில் நாலு மாதம் பயிற்சிதான் கொடுத்தார்கள். எனக்குப் பலன் போதவில்லை. தேய்மானமும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தேய்மானம் முற்றிய மூட்டுக்கு இந்தத் தையல் சரிப்படாது என்று டாக்டர் சொன்னதால், காலம் கடத்தாமல் ஒத்துக்கொண்டேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலை இழுத்துப் பிடித்து, பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி உண்டாக்கி, சின்னத் துளைகள் வழியாகக் கேமராவையும் கருவியையும் விட்டு, எலும்பு மேட்டைச் சீவி, வளையத்தை நூல் கோத்த மூன்று குட்டி ஆணிகளால் விளிம்போடு சேர்த்துக் கட்டினார்கள். கண் விழித்தபோது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தது. அது வருவது உண்டு, போய்விடும் என்றார்கள். மூன்று வாரத்தில் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் விஷயமே.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை. நல்ல தாள்தான். வலது காலைத் தரையில் முழுப் பாதமாக வைக்கலாம், ஆனால் பாரத்தை ஊன்றுகோல் தாங்க வேண்டும், மூன்று வாரம். மூட்டைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, ஆறு வாரம். காலை வெளிப்பக்கம் திருப்பக்கூடாது. சோபா தாழ்வாக இருந்தால் மெத்தை போட்டு உயர்த்திக்கொள்ளவும். காரில் ஏறும்போது சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளவும். எட்டாவது வாரம் ஆபீஸ் போகலாம், ஒரு மணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்து நடக்கவும்.

படித்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், இதுல தரையே இல்லையே?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் அன்னவாசல் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்கு டீச்சர். 2007இல் செயல்வழிக் கற்றல் வந்ததிலிருந்து எங்களுக்கு நாற்காலி என்பது தலையாசிரியர் அறையில் இருக்கிற சாமான். பாயிலே பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து அட்டைகளைப் பரப்பிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்திருப்பேன். சம்மணம், ஒருக்களித்து உட்காருவது, முட்டி போடுவது, குத்தவைப்பது. வீட்டுக்குப் போனால் வாசல் தெளித்துக் கோலம் குனிந்து போட வேண்டும். அரிவாள்மனையில் ஒரு காலைக் குத்திட்டு உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும். டாக்டர் என் காலை மடக்கி உள்பக்கம் திருப்பி என்னைக் கத்த வைத்தாரே, அரிவாள்மனையில் உட்காரும்போது நாமே அதற்குக் கிட்டத்தட்ட அந்தச் சோதனையைத்தான் தினமும் செய்துகொள்கிறோம். கழிப்பறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

"நான் எப்ப சம்மணம் போட்டு உட்காரலாம்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "விளையாட்டுக்காரங்க எப்ப ஓடலாம்னு கேப்பாங்க, அதுக்கு நாலு மாசம்னு சொல்லுவேன். சம்மணம் ஓட்டத்தைவிடக் கஷ்டம்மா" என்றார்.

என் மகன் டென்னிஸ் பைத்தியம். "அம்மா, நடாலுக்கும் இதே இடத்துலதான் பண்ணாங்க" என்று தேற்றினான். உண்மைதான். ரஃபேல் நடாலுக்கு 2023 ஜூனில் பார்சிலோனாவில் இடுப்புத் தசையோடு லேப்ரத்தையும் சேர்த்துச் சரிசெய்தார்கள். ஏழு மாதம் கழித்து 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஆட வந்தார். ஆண்டி மர்ரேக்கு 2018 ஜனவரியில் இடுப்பில் கீஹோல் ஆபரேஷன் செய்தும் வலி தீரவில்லை. 2019 ஜனவரியில் பந்துக்கு உலோக மூடி போட்ட பிறகுதான் அதே வருஷம் அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியை ஜெயித்தார். எல்லாருக்கும் ஒரே பலன் கிடைக்காது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மகனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, நான் பிரெஞ்சு ஓபன் ஆட வேண்டியதில்லை. ஆனா நடால் ஒன்னாம் வகுப்புக்கு 'அணில், ஆடு' சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லையே."

ஆக, தாளில் இல்லாத தரையை நாங்களேதான் தாண்ட வேண்டியிருந்தது. திருச்சியில் இருந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி நல்ல மனுஷன். வாட்ஸ்அப் வீடியோவில் எங்கள் வீட்டையே சுற்றிப் பார்த்தார். கயிற்றுக் கட்டில் தொய்யும், கூடாது என்றார். பலகைக் கட்டில் மச்சினர் வீட்டிலிருந்து வந்தது. நாற்காலி முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்கும்படி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினோம், கச்சிதமான உயரம், காசு செலவில்லை. கழிப்பறைக்கு நடுவில் ஓட்டை வைத்த கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கிக் கோப்பைக்கு மேலே போட்டோம். ஊன்றுகோலின் அடி ரப்பர் ஈரத் தரையில் வழுக்கும் என்பதால், குளியலறையிலிருந்து கட்டில் வரைக்கும் பழைய சாக்கு விரித்தார் அத்தை. நிலைப்படிதான் பெரிய பகை. எங்கள் வீட்டில் நாலு நிலைப்படி இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், எந்தக் கால் ஆபரேஷனுக்கும் உதவும்.

தினமும் இரண்டு மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும். மூட்டின் முன்பக்கத் தசை சுருங்கிப் போகாமல் இருக்க இது முக்கியம். பகலில் ஒரு மருமகள் குப்புறப் படுத்துக் கிடப்பது எங்கள் தெருவுக்குப் புதிது. எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம், "டாக்டரு சொல்லியிருக்காருத்தா, சும்மா கெடக்கல" என்று அத்தை விளக்கம் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

அடுத்தது சைக்கிள். ஆபரேஷன் ஆன முதல் வாரத்திலிருந்தே, பாரம் இல்லாமல், உயரமான சீட்டில், உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார்கள். மூட்டுக்குள் ஒட்டு விழாமல் இருக்க. நின்ற இடத்தில் மிதிக்கும் அந்தச் சைக்கிளுக்கு விலை விசாரித்துவிட்டு வீட்டுக்காரர் பேசாமல் இருந்தார். மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி திண்ணையில் நின்றது. ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும். சீட்டை உயர்த்தி, தூணோடு கயிற்றால் முன்னும் பின்னும் இறுக்கிக் கட்டி, வீடியோவில் காட்டினோம். பிசியோ தம்பி சிரித்துவிட்டு, "அசையுதான்னு ஆட்டிக் காட்டுங்க" என்றார். ஆட்டினோம், அசையவில்லை. "யாராவது பக்கத்துல நின்னு பிடிச்சுக்கிட்டாதான் ஏறணும்" என்று அனுமதி கொடுத்தார். லேடீஸ் சைக்கிள் என்பதால் காலைத் தூக்கிச் சுழற்றிப் போட வேண்டியதில்லை. நடுவில் பார் இருக்கிற சைக்கிளாக இருந்தால் மூன்று மாதத்துக்கு அதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

பிடித்துக்கொண்டு நின்றவர் என் அம்மா. இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, பெண்கள் பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. களை எடுக்கப் போகிற என் அம்மாவும் அதில் ஒருத்தி. பத்து வயசுப் பிள்ளையாகக் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான். குரங்குப் பெடல் போட்டு நானும் அதே சைக்கிளில்தான் கற்றுக்கொண்டேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துத் திண்ணையில் அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் வாரம் முழுச் சுற்று வரவில்லை. பெடலை முன்னே அரை வட்டம், பின்னே அரை வட்டம் என்று ஆட்ட மட்டும் முடிந்தது. "ஆத்தா, குரங்குப் பெடலுக்கே திரும்பிட்டியே" என்றது. எட்டாம் நாள் முழுச் சுற்று வந்தது. அம்மா வாய்விட்டு எண்ணும். அறிவொளியில் படித்த எண்கள்தான். நூறு வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆறாவது வாரம் ஊன்றுகோல் போய், வலியும் போய், ஆளே மாறிவிட்ட மாதிரி இருந்தது. இந்தக் கட்டத்தில்தான் பலர் துள்ளிக் குதித்துக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று பிசியோ தம்பி முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார். தையல் ஒட்டுவதற்கு வாரக் கணக்கு, தசை பலம் வருவதற்கு மாதக் கணக்கு. வலி இல்லை என்பதால் பலம் வந்துவிட்டதாக ஆகாது. நான் அடக்கமாகத்தான் இருந்தேன். ஆனால் ஏழாவது வாரம் பரிசோதனைக்குத் திருச்சி போகிறபோது பஸ் போட்ட பிரேக்கில் காலை அழுத்தி ஊன்ற வேண்டியதாகிவிட்டது. அன்று ராத்திரி அதே பழைய இடத்தில், அதே பழைய வலி. மூன்று ராத்திரி தூக்கம் இல்லை. ஆணி கழன்றுவிட்டதோ, மறுபடி ஆபரேஷனோ, வேலையை விட வேண்டுமோ என்று என்னென்னவோ ஓடியது. டாக்டர் பார்த்துவிட்டு, தசைதான் கோபித்துக்கொண்டிருக்கிறது, தையல் பத்திரம் என்றார். படுத்தபடி காலை நேராகத் தூக்கும் பயிற்சியை இன்னும் தள்ளிப்போடச் சொன்னார். பத்து நாளில் அடங்கியது. இந்த மாதிரி ஏற்ற இறக்கம் ஒரு தடவையாவது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த மூன்று ராத்திரி எனக்கு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உங்களிடம் விலாவாரியாகச் சொல்கிறேன்.

உடம்பு வலியைவிடப் பெரிய சோதனை ஒன்று மூன்றாவது மாதம் வந்தது. எங்கள் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போனார். துக்கம் கேட்கப் போயே ஆக வேண்டும். கூடத்தில் பெண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபது வயசுக் கிழவிகூடத் தரையில் இருக்கிறது. நான் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. வெளியில் கட்டுப் போட்டிருந்தாலாவது தெரியும். எனக்கு இரண்டு பொட்டுத் தழும்புதான், அதுவும் புடவைக்குள். "டீச்சராயிட்டா தரை ஆகாதோ" என்று ஒரு குரல் வந்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தைதான் எழுந்து வந்து, "அவளுக்கு மூட்டுல ஆணி வச்சிருக்கு. ஒக்காந்தா பிச்சுக்கிடும். நாற்காலிய எடுத்துப் போடுங்கப்பா" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கொஞ்சம் மிகைதான், ஆனால் அந்த இடத்துக்கு அதுதான் தேவை. கல்யாணப் பந்தியிலும் கோயில் பிரகாரத்திலும் பிறகு நானே இதைச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் ஜூலை கடைசியில் போனேன். கோடை விடுமுறையோடு மருத்துவ விடுப்பைச் சேர்த்ததில் மூன்று மாதம் கிடைத்திருந்தது. தலையாசிரியை அம்மா, "நாலாவது அஞ்சாவது எடுத்துக்கிறீங்களா? நாற்காலியில உட்கார்ந்தே நடத்தலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. சின்ன வகுப்பு என்றால் பிள்ளையின் கண் உயரத்துக்கு நம் கண் இறங்க வேண்டும். மேலேயிருந்து பேசினால் அட்டையை வைத்துக்கொண்டு மிரள மிரளப் பார்க்கும். கடைசியில் நாங்கள் கண்டுபிடித்த வழி, நான் இறங்குவதற்குப் பதிலாகப் பிள்ளைகளை ஏற்றுவது. சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு பழைய பெஞ்சுகளைச் சுவரோரம் போட்டு, அதன்மேல் அட்டைகளைப் பரப்பி, நான் ஸ்டூலில், பிள்ளைகள் பெஞ்சைச் சுற்றி நின்றபடி. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. "டீச்சருக்குக் கால் எப்ப வளரும்?" என்று ஒருத்தி தினமும் கேட்பாள்.

தரைக்கு இறங்கியது படிப்படியாகத்தான். அதைத்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். இது என் கணக்கு, உங்கள் டாக்டர் உங்களுக்குச் சொல்வதுதான் உங்கள் கணக்கு. நாலரை மாதத்தில், ஒரு சாண் உயரத்துக்கு மடித்த போர்வையின்மேல், முதுகைச் சுவரில் சாய்த்து, கால்களை நீட்டி உட்கார அனுமதி. ஐந்தரை மாதத்தில் அதே போர்வையின்மேல் இடது காலை மடித்து, வலது காலை நீட்டி. ஏழு மாதத்தில் தளர்வான சம்மணம், ஐந்து நிமிஷம். அதற்குள் பிட்டத் தசைக்கும் தொடைக்கும் விடாமல் பயிற்சி. போர்வையை ஒவ்வொரு மடிப்பாகக் குறைத்தோம். பத்தாவது மாதம் போர்வை இல்லாமல் பாயில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். இப்போது இருபது நிமிஷம் வரைக்கும் உட்காருவேன். அதற்குமேல் மூட்டு முணுமுணுக்கும், எழுந்து நடந்துவிட்டு வருவேன். எழும்போது முதலில் முட்டி போட்டு, பெஞ்சைப் பிடித்து, இடது காலை ஊன்றி எழுவேன்.

குத்தவைத்து உட்காருவது இல்லை. இனியும் கிடையாது என்றே டாக்டர் சொல்லிவிட்டார். அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது. கோலத்தை மகள் போடுகிறாள், என்னுடையதைவிடக் கோணலாகத்தான் வருகிறது. போன குளிர்காலத்தில் பிள்ளைகளைச் சித்தன்னவாசல் கூட்டிப் போனோம். ஓவியம் இருக்கும் குடைவரை வரைக்கும் ஏறினேன். ஏழடிப்பட்டத்துக்கு மற்ற டீச்சர்கள் அழைத்துப் போனார்கள். சமணர் படுக்கைகளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், "டீச்சர், அவங்கல்லாம் கல்லுல தரையிலயே படுத்திருக்காங்க, அவங்களுக்கு இடுப்பு வலிக்காதா?" என்று கேட்டான். எந்த இடுப்பு என்று முதலில் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு செய்தி சொல்லிவிட்டு உட்காருகிறேன். கம்மோடு நாற்காலி ஒன்றும், அக்குளில் வைக்கிற ஊன்றுகோல் ஒரு ஜோடியும், முழங்கால் நடுவில் வைக்கிற தலையணையும் என் வீட்டில் சும்மா இருக்கின்றன. நம் சங்கத்தில் யாருக்காவது, அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்காவது தேவைப்பட்டால் செயலாளரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்தவருக்கு ஆகும். ஊன்றுகோலின் அடி ரப்பரை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள், தேய்ந்திருக்கிறது.